வேலியடி மண்

குணவதி அக்காவுக்கு மன்னிக்கத் தெரியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நாங்கள் குடிவந்த இந்தக் குளிர்நாட்டு நகரத்துக்கு வடக்கே ஒரு மரக்கன்று நேர்சரியில் பதினேழு வருடம் அவரோடு ஒரே மேசையில் நின்று வேலை செய்தவள் நான். மன்னிக்கத் தெரிந்த எத்தனையோ பேர் அந்த மேசைக்கு வந்து போனார்கள். அவர்களுடைய கன்றில் பாதி தட்டிலேயே செத்துப்போகும். அக்காவின் தட்டில் ஒன்று செத்தால் அது ஏன் செத்தது என்று கண்டுபிடிக்காமல் அவர் சாப்பிடப் போகமாட்டார். தண்ணீர் ஊற்றியவன் யார், எந்த நேரம் ஊற்றினான், குழாய் எந்தப் பக்கம் கிடந்தது என்று விசாரித்து, ஆளைப் பிடித்து நாலு கேள்வி கேட்டபிறகுதான் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த பாணைக் கையில் எடுப்பார்.

என் பெயர் யூஜினி. இளவாலைப் பக்கத்து வேதக்காரி. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் மன்னிப்பைப் பற்றி வேண்டிய மட்டும் கேட்டிருக்கிறேன். இருந்தும் இந்த விஷயத்தில் நான் அக்காவின் பக்கம்தான்.

அக்காவின் வீடு மோர்னிங்சைட்டில் இருக்கிறது. கணவர் இரத்தினவேல் மாரடைப்பில் போனார். மகன் கிருபன் பத்தொன்பது வயதில், மழை பெய்த ஒரு பின்னேரம், கிங்ஸ்டன் வீதியில் கார் வழுக்கிப் போனான். அவன் படித்த பள்ளிக்கூடத்தில் அவன் நினைவாக ஒரு சிவப்பு ஓக் மரம் நட்டார்கள். நடும்போதே ஆளுயரத்துக்கு மேல் நின்ற மரம். பதினாறு வருடமாக அவன் பிறந்தநாளுக்கு அக்கா அங்கே போய், அடிமரத்தை நூலால் சுற்றி அளந்து, நூலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வருவார். அழமாட்டார். போன வருடம் இவ்வளவு, இந்த வருடம் இவ்வளவு என்று எனக்கு நூலைக் காட்டுவார்.

பிறகு பள்ளிக்கூடத்தைப் பெருப்பிக்கப் போகிறோம், மரம் நிற்கும் இடத்தில் வகுப்பறை வரப்போகிறது என்று கடிதம் வந்தது. நினைவுப் பலகை ஒன்று தருகிறோம் என்றும் எழுதியிருந்தார்கள். பலகையையும் மரத்தை வெட்டித்தானே செய்வார்கள் என்று அக்கா கேட்டார்.

அந்த இலையுதிர்காலத்தில்தான் மரம் முதன்முதலாக நன்றாகக் காய்த்திருந்தது. நானும் அக்காவும் இரண்டு பின்னேரம் குந்தியிருந்து பொறுக்கினோம். நூற்று அறுபத்துமூன்று விதை. வாளித் தண்ணீரில் போட்டு, மிதந்ததை எறிந்து, தாழ்ந்ததை எடுத்தோம். நூற்றுப் பதினெட்டு மிஞ்சியது. ஈரமணலோடு பையில் கட்டி, குளிர்காலம் முழுக்க ஃபிரிட்ஜில் மரக்கறித் தட்டில் வைத்தார். ஓக் விதைக்குக் குளிர் படவேண்டும், இல்லாவிட்டால் முளைக்காது. மரம் தை மாதம் விழுந்தது. அக்கா பார்க்கப் போகவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்து மணலில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தாராம்.

சித்திரை முடிய, பின்வளவில் பக்கத்து வீட்டு வேலியோரம் பாத்தி கட்டி விதைத்தார். காலை வெயில் விழுகிற நல்ல இடம். அணிலுக்காகக் கம்பிவலை போட்டார். அப்படியும் ஒரு மூலையைக் கிளப்பிப் பத்துப் பன்னிரண்டை அணில் கொண்டுபோய்விட்டது. போகட்டும், நூறு இருக்கிறது என்றார்.

அந்த நூறில் பதினொன்றுதான் வெளியே வந்தன. இலை பெருவிரல் நகத்தளவு. பிறக்கும்போதே மஞ்சள், ஓரம் கருகல். ஆடி நடுவில் அந்தப் பதினொன்றும் செத்தன.

வழக்கம்போல அக்கா விசாரணையைத் தொடங்கினார். முளைக்காத விதைகளைக் கிளறி எடுத்துத் தாளில் வரிசையாக வைத்தார். ஓடு வெடித்திருந்தது. வேர் ஒரு அங்குலம் வந்து, நுனி எரிந்த திரியைப் போலக் கறுத்திருந்தது. பாத்தியில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். தண்ணீர் உள்ளே போகவில்லை. மணி மணியாக மண்ணுக்கு மேலே நின்று உருண்டது. ஒரு பிடியை எடுத்து மணந்து பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு மணக்கச் சொன்னார். பழைய எஞ்ஜின் ஒயில்.

ஒயில் ஊறிய மண் தண்ணீரையும் விடாது, காற்றையும் விடாது. விதை தாகத்தில் கிடக்கும். ஒன்றிரண்டு எப்படியோ வேரை நீட்டினாலும் மூச்சு முட்டிச் செத்துப்போகும். பிள்ளையின் மரம் கடைசியாகப் போட்ட விதைகள் அந்த மண்ணுக்குள் ஒவ்வொன்றாக அப்படித்தான் செத்தன. அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும்?

வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவன் பிரியந்தன். பகலில் அஜின்கோர்ட்டில் ஒரு கராஜில் வேலை. சனி ஞாயிறுகளில் தெரிந்தவர்களின் கார்களுக்குத் தன் வீட்டு டிரைவ்வேயிலேயே ஒயில் மாற்றிக் கொடுப்பான். வடித்த ஒயிலைக் கொண்டுபோய்க் கொடுக்க இடம் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக அவனுக்குப் பஞ்சி. ஊரில் வேலித்தூணுக்குக் கறையான் வராமல் கழிவு ஒயில் பூசுவார்களே, அந்த ஞாபகத்தில் இரண்டு குளிர்காலமாக வேலியடி நீளத்துக்கும் ஊற்றியிருக்கிறான். இந்த ஊர் வேலிக்குக் கறையானும் இல்லை ஒன்றுமில்லை. அவன் பக்கம் மேடு, அக்காவின் பக்கம் பள்ளம். பனி உருகும்போது எல்லாம் இந்தப் பக்கம் இறங்கிவிட்டது.

அக்கா வேலிக்கு மேலால் அவனைக் கூப்பிட்டுக் கேட்டபோது நானும் நின்றேன். அவன் மறைக்கவில்லை. மறைக்கிற அளவுக்கு இது ஒரு விஷயம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

“வேலி உக்காமல் இருக்கட்டும் எண்டுதான் அக்கா ஊத்தினனான். உங்களுக்கும் நல்லதுதானே.”

அது கிருபனுடைய மரத்தின் விதை என்று அக்கா சொன்னார். கிருபனின் செத்தவீட்டுக்கு வந்து பாடையில் கைகொடுத்தவன் இவன். தலையைச் சொறிந்தான்.

“அது அணில் கொண்டுபோய்ப் புதைச்சாலே முளைக்கிற மரம் அக்கா. உதுக்குப்போய்க் கவலைப்படுறியளே. கடையிலை நல்ல கண்டு ஒண்டு வாங்கித் தாறன்.”

அக்கா வீட்டுக்குள் வந்து கை கழுவினார். நகரசபைக்கு ஒரு ஃபோன் போட்டால் போதும், ஆள் வந்து பார்ப்பார்கள் என்று நான் சொன்னேன்.

“தண்டத்தைக் கட்டிப்போட்டு அடுத்த கிழமை மறந்துபோவான்,” என்றார் அக்கா. “எனக்கு அவன் மறக்கக்கூடாது.”

அடுத்த முறை நான் போனபோது நிலவறை ஜன்னலடியில் ஆறு தயிர்ப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் நல்ல மண்ணோடு வேலியடி மண் வேறு வேறு அளவில் கலந்திருந்தது. முதல் பெட்டியில் வேலியடி மண் இல்லை, கடைசியில் முழுக்க அதுதான். பெட்டிகளில் போட்டிருந்தது ஓக் விதை அல்ல. நெல், எள், உளுந்து, பயறு, கொள்ளு. இது எதுக்கு அக்கா என்றேன். பொறு என்றார். எது எத்தனையாம் நாள் முளைத்தது, எவ்வளவு உயரம், எப்போது மஞ்சளானது என்று பழைய கொப்பி ஒன்றில் எழுதி வந்தார். நெல்லும் எள்ளும் மூன்றாவது பெட்டியிலேயே நின்றுவிட்டன. பயறு மானங்கெட்டது, ஐந்தாவது பெட்டியிலும் தலை காட்டியது. ஆனால் கூனிக்கொண்டு வந்து சாய்ந்தது. நாலாவது பெட்டியைக் கையில் எடுத்து, மணந்து பார்த்து, எரு கொஞ்சம் கலந்து, திரும்ப மணந்து பார்த்தார். ஒயில் மணம் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது.

பிரியந்தனின் மகள் சுபாங்கிக்குப் புரட்டாதி பிறக்கமுன் கலியாணம் வைத்திருந்தார்கள். சைவக்காரரின் கலியாணத்தில் முளைப்பாலிகை என்று ஒன்று உண்டு. தாலிக்குப் பொன் உருக்குகிற பொன்னுருக்கு நாளன்று மண்சட்டிகளில் மண் போட்டு, ஊறவைத்த நவதானியத்தைச் சுமங்கலிப் பெண்கள் தூவி, பால்தண்ணீர் தெளிப்பார்கள். கலியாணத்தன்று அந்த முளைகள் பச்சென்று மணவறையில் இருக்கவேண்டும். முளைத்தால் குடும்பம் தழைக்கும். முளைக்காவிட்டால் என்ன என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இந்த ஊர்க் குளிரிலும் நிலவறை இருட்டிலும் பாலிகை சரியாக முளைப்பதில்லை. அதனால் எங்கள் பக்கத்தில் எந்த வீட்டில் கலியாணம் என்றாலும் குணவதி அக்காவிடம் மண் கேட்டு வருவார்கள். அவரின் மண்ணில் ஒருமுறையும் தவறியது கிடையாது. மண் வேண்டும், ஆனால் ஆள் வேண்டாம். அக்கா தாலி அறுத்தவர். பாலிகைக்குக் கிட்டவும் வரக்கூடாது. மண்ணைப் பின்கதவால் வாங்கிக்கொண்டு போவார்கள். கலியாணக் கார்டு தபாற்பெட்டியில் கிடக்கும். இருபது வருடமாக அக்கா இதற்கு வாய் திறந்ததில்லை. நான்தான் திட்டுவேன்.

பிரியந்தனின் மனைவி இராஜேஸ்வரி வந்து மண் கேட்டாள். அக்காவின் மண்தான் ராசியான மண் என்று புகழ்ந்தாள். புருஷன் செய்த வேலை அவளுக்குத் தெரியுமோ தெரியாது. வேலிப் பக்கம் அவள் திரும்பியும் பார்க்கவில்லை. நாலாவது பெட்டிக் கணக்கில் கலந்து, அரித்து, எரு போட்டு, அக்கா ஒரு பை நிறைய ஆயத்தமாக வைத்திருந்தார். நீயே கொண்டுபோய்க் கொடு என்று என்னிடம் தந்தார்.

கலியாணத்துக்கு ஏழு நாளுக்கு முன்னர் பொன்னுருக்கு. பையோடு போன என்னை இராஜேஸ்வரி கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். பாலிகை போட ஐந்து பெண்கள் வேண்டுமாம், நாலு பேர்தான் வந்திருந்தார்களாம். நான் வேதக்காரி என்றேன். புருஷன் இருக்கிறாரல்லவா, அது காணும் என்றார்கள். அந்த மண்ணை அரித்துக் கலந்த மனுஷி வேலிக்கு அந்தப் பக்கம் இருக்க, குருசு போட்ட நான் மணையில் குந்தினேன். அந்த நிமிடம்வரை எனக்குக் கொஞ்சம் பயமும் சுபாங்கிமேல் இரக்கமும் இருந்தன. அதோடு அந்த இரக்கம் போய்விட்டது. தானியத்தை நன்றாகப் பரவித் தூவினேன். பால்தண்ணீர் மண்ணுக்கு மேலே மணி மணியாக நின்றது. சாம்பிராணிப் புகைக்குள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் இராஜேஸ்வரி அக்காவுக்கு ஃபோன் எடுத்தாள். இன்னும் ஒன்றையும் காணவில்லையாம். தண்ணீர் தெளியுங்கள் என்றார் அக்கா. நாலாம் நாள் மாப்பிள்ளையின் தாய் வந்து சட்டிகளை எட்டிப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி குடிக்காமல் போனாளாம். சுபாங்கி இது வெறும் மண் அம்மா என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாளாம். அன்று பின்னேரம் பயறு நாலைந்து தலை காட்டியது. அடுத்த நாள் காலை அதுவும் மஞ்சளாகிச் சாய்ந்தது. ஒன்றும் முளைக்காமல் இருந்திருந்தாலாவது பரவாயில்லை.

ஐந்தாம் நாள் பிரியந்தன் ஒரு சட்டியைத் துணியால் மூடிக்கொண்டு அக்காவின் கதவடிக்கு வந்தான். அக்கா என்னையும் வரச் சொல்லியிருந்தார். சட்டியை மேசையில் வைக்கச் சொல்லி, அதில் மெதுவாக ஒரு குவளை தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் மேலே திரண்டு நின்றது; அதில் மெல்லிய நிறம் நிறமான படலம் ஒன்று விரிந்தது. முப்பது வருடம் ஒயிலில் கை வைத்தவனுக்கு அது என்ன என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. குனிந்து மணந்தான்.

“அக்கா, இது ஒயில் மண்.”

“உங்கடை ஒயில்தான் தம்பி. உங்கடை வேலியடி மண். என்ரை பிள்ளையின்ரை விதையைத் திண்ட மண்.”

அவன் கதிரையில் இருந்துவிட்டான். என்ரை பிள்ளை என்ன செய்தாள் அக்கா என்று கேட்டான். என்ரை பிள்ளையும் ஒன்றும் செய்யவில்லை என்றார் அக்கா. பிறகு நிலவறைக் கதவைத் திறந்து லைற்றைப் போட்டார். கீழே ஜன்னலடியில் மூன்று மண்சட்டிகள். பொன்னுருக்கு நடந்த அதே நாள், அதே நேரம் அவர் போட்டவை. நாலு விரல் உயரத்துக்கு, பச்சைப் பசேலென்று, சீப்பால் வாரிவிட்டதுபோல் நின்றன. பிரியந்தன் அவற்றைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நான் சந்தோஷப்பட்டேன், ஒளிப்பானேன்.

அக்கா மூன்று காரியம் சொன்னார். வேலியடி நீளத்துக்கும் ஒன்றரை அடி ஆழத்தில் மண்ணை அவன் தன் கையால் கிண்டி எடுக்கவேண்டும். கூலிக்கு ஆள் பிடிக்கக்கூடாது. பழுதான மண் எடுக்கிற லொறிக்கு அதை ஏற்றிவிடவேண்டும். மூன்றாவதை அவர் அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

“இதைப் போட்டது நான். தாலியில்லாத கையாலை போட்டது. அதை இராஜேஸ்வரிக்குச் சொல்லோணும். அவ முன்கதவாலை வந்து என்னைக் கேக்கோணும். மண்டபத்துக்கு நான்தான் தூக்கிக்கொண்டு வருவன்.”

இராஜிக்குச் சொல்லாமல் விடலாமே என்று அவன் கெஞ்சினான். அக்கா லைற்றை நிற்பாட்டினார்.

அவன் இரண்டு நாள் கிண்டினான். கலியாண வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் மாடி ஜன்னலால் பார்த்துக்கொண்டு நிற்க, பெண்ணின் தகப்பன் முழங்கால்வரை கிடங்கில் நின்று மண் அள்ளினான். அக்கா கதிரை போட்டு இருந்து பார்த்தார். ஆழம் காணாத இடத்தில் தடியால் காட்டினார். இரண்டாம் நாள் பின்னேரம் இராஜேஸ்வரி பட்டுச்சேலை உடுத்து, தட்டத்தில் வெற்றிலை பாக்கும் கார்டும் வைத்து, முன்வாசலில் நின்று மணி அடித்தாள். அழுதிருந்தாள். வந்து பாலிகையைத் தரவேண்டும் அக்கா என்றாள். இருபது வருடத்தில் முதல் தரமாக அக்காவின் கையில் ஒரு கலியாணக் கார்டு நேரே வந்தது. அக்கா அதைத் திறந்து எழுத்துக்கூட்டுவதுபோல ஆறுதலாக வாசித்தார். வாசித்து முடிக்கும்வரை அவளை நிற்கவைத்தார்.

கலியாணத்தன்று காலை சட்டிகளை அவர்களுடைய வான் வண்டியில் ஏற்றுவதற்காக நானும் அக்காவும் பிரியந்தனின் முன்வளவால் நடந்தோம். கராஜ் மூலையில், தண்ணீர்க் குழாய் இறங்குகிற இடத்தில், புல்வெட்டும் மெஷின் எட்டாத ஒரு சந்து. அக்கா சட்டியோடு அப்படியே நின்றார். பிறகு சட்டியை என் கையில் தந்துவிட்டுப் பட்டுச்சேலையோடு குந்தினார்.

ஒரு சாண் உயரத்தில் ஒரு கன்று. ஆறு இலை, ஒவ்வொன்றும் உள்ளங்கையளவு, ஓரம் கூராக வெட்டுப்பட்டு, கரும்பச்சையாக இருந்தன. அடியில் ஓக் விதையின் ஓடு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தெருவில் ஓக் மரமே கிடையாது. அணில் கொண்டுவந்து புதைத்திருக்கிறது. இவன் ஒயில் ஊற்றாத இடமாகப் பார்த்துப் புதைத்திருக்கிறது.

அக்கா அழுததை அன்றுதான் நான் பார்த்தேன். சத்தமில்லாமல் அழுதார். வேட்டி சால்வையோடு வந்த பிரியந்தன் என்னவோ ஏதோ என்று ஓடிவந்து, கன்றைக் கண்டு நின்றான். மண் கிண்டிக் கொப்பளித்த இரண்டு கையிலும் பிளாஸ்ரர் ஒட்டியிருந்தது. அவனுக்கும் விளங்கிவிட்டது.

“பக்குவமாய்க் கிளப்பித் தாறன் அக்கா,” என்றான். “உங்கடை வளவிலை வையுங்கோ.”

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“என்ரை வளவிலை முளைக்கேல்லையே தம்பி. இஞ்சையே நிக்கட்டும்.”

அவன் கராஜ் அத்திவாரத்தைப் பார்த்தான், புதிதாகப் போட்ட டிரைவ்வேயைப் பார்த்தான், கன்றைப் பார்த்தான். அத்திவாரத்துக்கும் டிரைவ்வேக்கும் நடுவில் ஒரு முழம்தான் இடைவெளி. மரம் பெருத்தால் வேர் இரண்டையும் பிளக்கும். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு என்ன முகம் இருக்கிறது? அக்கா சட்டியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு வண்டிக்கு நடந்தார். மண்டபத்தில் ஐந்நூறு பேருக்கு நடுவால் தானே தூக்கிக்கொண்டு போய் மணவறையில் வைத்தார். ஐயர் ஒருகணம் தயங்கினார். இராஜேஸ்வரி தலையாட்டினாள். கன்னிகாதானத்தில் பிரியந்தன் மகளின் கையைப் பிடித்துக் கொடுத்தபோது பிளாஸ்ரரோடுதான் கொடுத்தான்.

இந்த நகரத்தில் அடிமரம் முப்பது சென்ரிமீற்றர் தடித்துவிட்டால், சொந்த வளவில் நின்றாலும் அனுமதி இல்லாமல் வெட்டமுடியாது. அக்கா அந்தச் சட்டத்தை அச்சடித்து ஒரு பிரதியைப் பிரியந்தனுக்குக் கொடுத்திருக்கிறார். அதுவரைக்கும் சட்டம் இல்லை, அவர் இருக்கிறார். மாதத்துக்கு ஒருமுறை முன்கதவு மணியை அடித்துவிட்டு, அவர்களுடைய வளவுக்குள் போய்க் குந்தியிருந்து கன்றை நூலால் அளக்கிறார். பிரியந்தன் பக்கத்தில் தண்ணீர் வாளியோடு நிற்கவேண்டும். சிவப்பு ஓக் முப்பது சென்ரிமீற்றர் தடிக்க எப்படியும் இருபத்தைந்து முப்பது வருடம் செல்லும் என்று நான் கணக்குச் சொன்னேன். அக்காவுக்கு இப்போது அறுபத்திரண்டு. எனக்கு அவசரம் இல்லை என்றார்.